ஆங்கில மரபுத்தொடர்கள்: மனப்பாடமா, வாசிப்பா?

ஆங்கில மரபுத்தொடர்களையும் பழமொழிகளையும் பட்டியல் வைத்து மனப்பாடம் செய்யலாம். அல்லது கதை, செய்தி, உரையாடல் என்று படித்தும் கேட்டும், எதிர்ப்படுவதைப் பிடித்துக்கொள்ளலாம். என் ஓட்டு இரண்டாவதற்கே.

பட்டியலில் வேகம் அதிகம். தேர்வு நெருங்கினால் அதுதான் கைகொடுக்கும். பழமொழிகளுக்கும் பெரும்பாலும் போதும், அவை முழு வாக்கியங்கள். ஆனால் பேச்சில் 'வென் இன் ரோம்' என்று பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள்; 'டூ அஸ் த ரோமன்ஸ் டூ' (ரோமில் இருந்தால் ரோமானியர் போல நட) என்ற மீதியை நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

மரபுத்தொடர் விஷயம் வேறு. 'கிக் த பக்கெட்' என்றால் சாவது என்று பட்டியலில் இருக்கும். சரி, அதை இரங்கல் கடிதத்தில் எழுதினால்? அது விளையாட்டுப் பேச்சு. துக்கத்தில் இருப்பவர் மனம் புண்பட்டுவிடும். அப்புறம் இலக்கணம். 'ஸ்பில் த பீன்ஸ்' என்றால் ரகசியத்தைப் போட்டு உடைப்பது. செயப்பாட்டு வினையாக 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்றாலும் அதே பொருள் நிற்கும். 'த பக்கெட் வாஸ் கிக்ட்' என்றாலோ, யாரோ வாளியை உதைத்தார்கள் என்றுதான் ஆகும். இந்த நுணுக்கம் தொடரைப் பல இடங்களில் சந்தித்தால்தான் பிடிபடும்.

வாசிப்பில் ஒரு குறை உண்டு. ஒரு தொடர் மறுபடி கண்ணில் பட வெகுநாள் ஆகலாம். அதனால் புதிதாகக் கிடைத்ததை, அது வந்த வாக்கியத்தோடும் யார் யாரிடம் சொன்னார் என்பதோடும் சேர்த்துக் குறித்துவையுங்கள். சில நாள் விட்டு மறுபடி புரட்டுங்கள்.