கோபி பக்கம் ரோஜாச் செடி வாங்க ஒரு நல்ல நர்சரி

கோபியிலிருந்து (கோபிசெட்டிபாளையம்) சத்தி (சத்தியமங்கலம்) போகிற ரோட்டில், வாய்க்காலை ஒட்டி இருக்கிற நர்சரியைப் பற்றி எழுதுகிறேன். ரோஜா வாங்க வேறு எங்கேயும் போக வேண்டாம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் இங்கே பூவின் நிறத்தைக் கேட்டு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகாமல் செடியின் அடித்தண்டைக் காட்டி விற்கிறார்கள். அங்கே இருக்கும் அக்கா, காட்டு ரோஜாவின் அடித்தண்டில் நல்ல ரோஜாவை ஒட்டுக் கட்டிய இடம் புடைத்திருப்பதை விரலால் தடவிக் காட்டி, "இதுக்குக் கீழ துளிர் மொளச்சா பாவம் பாக்காம ஒடச்சு வுட்டுருங்க கண்ணு, அது காட்டு ரோஜா, மேல இருக்கறதத் தின்னுபோடும்" என்றார். முதல் வருஷம் நன்றாகப் பூத்த செடி அப்புறம் வெறும் இலையாகப் போய்விட்டது என்று வெசனப்படுகிறவர்கள் முதலில் அந்த இடத்தைத்தான் பார்க்கணும்.

குறை என்றால் மண். பையில் இருப்பது களிமண் உருண்டை, காய்ந்துவிட்டால் ஊற்றுகிற தண்ணி ஓரமாகவே வழிந்து போய் நடுவேர் நனையாது. பையோடு வாளித் தண்ணியில் நன்றாக ஊறவைத்து, ஓரத்து மண்ணை மட்டும் உதிர்த்துவிட்டு, செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்து, ஒட்டு மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி வையுங்கள். அவர்கள் மூட்டையில் விற்கும் கலவையில் பெரும்பகுதி தென்னை நார்க் கழிவுதான், அது வேண்டாம். பஞ்சகவ்யா வாங்கலாம், லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி கலந்து தெளித்தால் போதும்.

இன்னொன்று, அங்கே பார்க்கிற பசுமை நம் வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர்களுக்கு தடப்பள்ளி வாய்க்காலில் பவானித் தண்ணி வருகிறது, திருப்பூர், அவிநாசி பக்கம் நிறைய வீடுகளில் உப்பேறிய போர் தண்ணிதான். புதுத் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அந்தத் தண்ணியால் இரும்புச் சத்து வேரில் ஏறவில்லை என்று அர்த்தம், அதற்கு மேலும் மேலும் சாணி உரம் போட்டுப் பிரயோஜனம் இல்லை, மழைத் தண்ணியோ குடிக்கிற ஆற்றுத் தண்ணியோ மாற்றி ஊற்றினால் அடுத்து வருகிற இலையில் வித்தியாசம் தெரியும்.

ஒட்டுச் செடி 120 ரூபாய், பேரம் கிடையாது. பன்னீர் ரோஜா 60தான், குச்சி ஊன்றி வளர்த்தது என்பதால் ஒட்டுத் தொந்தரவே இல்லை, சாமிக்கு வைக்கப் பூ போதும் என்பவர்கள் அதையே எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அக்காவிடம் நின்று பேச முடியாது, வார நாளில் காலையில் போங்க.