பத்து ரூபாய் வளையமும் ஆறு நாள் அலைச்சலும்

இந்தத் தடவை ஊருக்குப் போன மூன்று வாரத்தில் பேங்க் வேலை, ஆதார் முகவரி மாற்றம், அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாம் ஒழுங்காக முடிந்தன. அதையெல்லாம் விடுங்கள். நான் எழுத உட்கார்ந்தது அப்பாவின் ஸ்ப்ளெண்டரைப் பற்றி.

1998-இல் கும்பகோணத்தில் வாங்கிய வண்டி. 97.2 சிசி, கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) மாடல். அப்பா போனதிலிருந்து ஐந்து வருஷமாகக் கொல்லைப்புறத்தில் பழைய வேட்டி போர்த்தி நின்றது. நான் வருகிறேன் என்றதும் பக்கத்து வீட்டுப் பையன் கெட்டுப்போன பெட்ரோலை இறக்கி, புது பேட்டரி மாட்டிக் கிளப்பி வைத்திருந்தான். வண்டி நன்றாக ஓடியது. நிற்கத்தான் மாட்டேன் என்றது.

நிற்க என்றால் ஸ்லோவில் நிற்க, அதாவது ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆஃப் ஆகாமல் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க. காலையில் சோக் போட்டு உதைத்தால் கிளம்பிவிடும். மூன்று கிலோமீட்டர் போய் இஞ்சின் சூடானதும் ஆக்சிலேட்டரை விட்டால் ரேஸ் தானாக ஏறும், இறங்கும், இரண்டு தடவை இருமும், ஆஃப். உச்சிப்பிள்ளையார் கோயில் முனையில், பின்னால் டவுன் பஸ் மூக்கு முட்ட நிற்க, நான் உதைத்துக்கொண்டே இருக்கிறேன். நான் இருக்கும் டொராண்டோவில் வருஷத்துக்கு நாலு தடவை ஹாரன் கேட்டாலே அதிகம். இங்கே ஒரு நிமிஷத்தில் அந்தக் கணக்கு தீர்ந்தது.

முதலில் போனது பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றுக்கு. ஏசி ரூம், காபி மிஷின், ஜாப் கார்டு, போனுக்கு மெசேஜ். அடடா, ஊர் மாறிவிட்டதே என்று எனக்கு ஒரே பெருமை. இரண்டு நாள் கழித்து 1,940 ரூபாய் பில். ஆயில், புது பிளக், ஏர் ஃபில்டர், கார்ப்பரேட்டர் கிளீனிங், வாட்டர் வாஷ். வெளியே எடுத்து வந்தேன். ஆஃப் ஆகவில்லை. ஆஃப் ஆக வழியே இல்லை, ஏனென்றால் நியூட்ரலிலேயே மேடு ஏறும் ஆட்டோ மாதிரி கத்திக்கொண்டிருந்தது. முதல் கியர் போட்டால் டங்கென்று ஒரு குதி. ஸ்லோ ஸ்க்ரூவை நன்றாக உள்ளே திருகிவிட்டிருக்கிறார்கள். காய்ச்சலுக்கு வந்தவனுக்குத் தெர்மாமீட்டரை உடைத்து அனுப்பிய கதை.

திரும்பிப் போய்க் கேட்டேன். "பழைய வண்டி சார், இப்படித்தான் இருக்கும். பேசாம ஒரு எஃப்ஐ வண்டி எடுத்துடுங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர். எஃப்ஐ என்றால் கார்ப்பரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் புது வகை. 2020-இல் பிஎஸ் 6 என்ற புகை விதி வந்த பிறகு கார்ப்பரேட்டர் வண்டி வருவது அநேகமாக நின்றுவிட்டது, அந்தப் பையன்கள் அதைப் பிரித்துப் பார்த்ததே குறைவாக இருக்கும், தெரியும். அதற்காக? கனடாவிலும் இதே கதைதான், ஒத்துக்கொள்கிறேன். ஸ்கேனரைச் செருகுவார்கள், எரர் கோடு காட்டியதை மாற்றுவார்கள், மணிக்கு நூறு டாலருக்கு மேல் கூலி வாங்குவார்கள். ஆனால் அலறுகிற வண்டியைக் கையில் கொடுத்து "இப்படித்தான்" என்று சொல்லும் தைரியம் அங்கே கொஞ்சம் குறைவு.

கடைசியில் பாலக்கரைப் பக்கம் அப்பா வழக்கமாகப் போகும் பட்டறைக்கே போனேன். அதே தகரக் கொட்டகை, அதே கால் ஆடும் பெஞ்ச். மெக்கானிக் அண்ணனுக்கு முடி மட்டும் நரைத்திருந்தது. "சாரோட வண்டியா?" என்றார், என்னைப் பார்க்காமலே. முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார். அப்புறம் ஸ்க்ரூடிரைவர் நுனியை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"சூடான பிறகு சோக்கப் பாதி இழுத்தா நிக்குதா தம்பி?"

இழுத்துப் பார்த்தோம். நின்றது. அவ்வளவுதான், அவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. சோக் போட்டால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். அதில் சரியாகிறது என்றால் ஒன்று பெட்ரோல் போதாமல் வருகிறது, இல்லையென்றால் எங்கேயோ காற்று அதிகமாக நுழைகிறது. பிளக்கைக் கழற்றினார், முனை வெளுத்திருந்தது. யூடியூப் பார்த்து வால்வு இடைவெளிதான் காரணம் என்று நான் முடிவுகட்டி வைத்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

கார்ப்பரேட்டரைக் கழற்றி, ஸ்லோவில் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்து எனக்கும் காட்டினார். ஊசி முனை அளவு ஓட்டை, பாதி அடைப்பு. 'கிளீனிங்' ஆன ஜெட் அது! கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் பச்சையாகப் பாசி மாதிரி படிந்திருந்தது. இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும், நிற்கிற வண்டிக்கு ஆகாது என்றார். பிரேக் ஒயரின் ஒற்றை இழையால் குத்தி, வாயால் ஊதி, மாட்டி, காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை முன்னும் பின்னும் திருப்பிச் சத்தம் எங்கே நிறைகிறதோ அங்கே விட்டு, ஸ்லோவை இறக்கினார். இந்த வண்டியில் ரேஸ் காட்டும் மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். 150 ரூபாய். என் போனில் யுபிஐ இல்லை, அவரிடம் சில்லறை இல்லை, அதற்கு ஒரு கால் மணி நேரம்.

மறுநாள் சுவாமிமலை போய்த் திரும்பும்போது பழையபடி ஏறி இறங்க ஆரம்பித்தது. முன்னளவு இல்லை, ஆனாலும் இருந்தது. நேராகப் பட்டறைக்குப் போனால் பூட்டு. யாருக்கோ கல்யாணம். போன் எடுக்கவில்லை. எரிச்சலில் ரோட்டிலேயே நின்றேன். சாயந்திரம் வருவார் என்றார் டீக்கடைக்காரர். வரவில்லை.

அடுத்த நாள் வந்தவர், டீ கிளாஸில் தண்ணீர் எடுத்து, ஓடிக்கொண்டிருந்த இஞ்சினில் கார்ப்பரேட்டர் சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டார். சத்தம் சட்டென்று மாறியது. அங்கேதான் காற்று இழுக்கிறது. கழற்றினால் உள்ளே ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் தட்டையாகி, கல்லாக இறுகி, விரிசல் விட்டிருந்தது. சர்வீஸ் சென்டரில் புது பிளக் போட்டார்கள், புது ஃபில்டர் போட்டார்கள், இதை மட்டும் பழையதையே வைத்து முறுக்கியிருக்கிறார்கள். பையனை அனுப்பிப் பத்து ரூபாய்க்குப் புதிது வாங்கிப் போட்டார். வண்டி ஸ்லோவில் நின்றது. டுப்டுப்பென்று, அப்பா வாசலில் செருப்பைத் தேடும் நேரத்தில் கேட்குமே, அந்தச் சத்தம்.

"அன்னைக்கே பாக்கலையாண்ணே?"

"பாத்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடை லீவு."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா ஓட்டாம வச்சிருப்பீங்க. நிக்கவச்சுதானே இந்தக் கதி."

என்ன பதில் சொல்வது? டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி, அவர் சொன்னபடி பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் வடித்தேன். அப்பாவின் வேட்டியையே மறுபடி போர்த்தினேன். எத்தனை தடவை சோப்புப் போட்டும் விரலில் வாசனை போகவில்லை. திருச்சி ஏர்போர்ட் செக்யூரிட்டியில் கையை நீட்டியபோது அந்த அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார்.