பாப்பரசர் குற்றிகள்: மூன்று வருகை, மூன்று தொகுதி, எதை முதலில் வாங்கலாம்?

வத்திக்கான் குற்றி (நாணயம்) சேர்க்கத் தொடங்குகிற பலர் 1929இலிருந்து ஆண்டு விடாமல் பிடிக்கப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அப்படி ஒவ்வொன்றாக எடுப்பித்தால் தபாற்செலவே கையைக் கடிக்கும். இங்குள்ளவருக்குத் தோதான வழி, பாப்பரசர்கள் இலங்கைக்கு வந்த 1970, 1995, 2015 ஆகிய ஆண்டுகளின் தொகுதிகளை மட்டும் எடுப்பது. ஆனால் மூன்றும் ஒரே தரம் இல்லை.

முதலில் வாங்கவேண்டியது 1970. அந்த ஆண்டு டிசம்பர் 4இல் ஆறாம் சின்னப்பர் கட்டுநாயக்காவில் சில மணிநேரம் தங்கிப் போனார். 1 லீரா முதல் 500 லீரா வரை எட்டுக் குற்றிகள் (லீரா, யூரோவுக்கு முன் அங்கு புழங்கிய பணம்). தொகுதியின் பெறுமதி பெரும்பாலும் 500 லீராவில்தான்: 835 தர வெள்ளி (ஆயிரத்தில் 835 பங்கு வெள்ளி), 11 கிராம், 29 மில்லிமீற்றர். இதைத் தனியாகக் கழற்றி விற்றுவிட்டு மிச்ச ஏழையும் 'தொகுதி' என்று தள்ளுபவர்கள் உண்டு. எட்டையும் எண்ணிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கஸ்தூரியார் வீதி நகைக்கடைத் தராசில் ஒருதரம் நிறுத்தால் நிறை தெரிந்துவிடும். காந்தமும் கொண்டுபோங்கள். 50, 100 லீரா துருப்பிடிக்காத உருக்கு என்பதால் ஒட்டும். 500 ஒட்டினால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். 1, 2, 5, 10 லீரா அலுமினியம். சுலபமாகக் கீறும், விளிம்பில் பிடியுங்கள்.

பாப்பரசரின் முகம் இருப்பதெல்லாம் குற்றி அல்ல. பெறுமதி எண் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் பதக்கம். சேர்க்கலாம், குற்றி விலைக்கு வாங்கக்கூடாது.

அடுத்தது 2015. ஜனவரி 14இல் பிரான்சிஸ் மடுவுக்கு வந்த ஆண்டு. சில்லாலைக்காரருக்குப் பழக்கமான யோசேவ் வாஸ் அடிகளார் புனிதரானதும் அன்று காலையில்தான். 1 சதம் முதல் 2 யூரோ வரை எட்டு, எல்லாவற்றிலும் பிரான்சிஸின் முகம். அந்த முகம் 2014, 2015, 2016 மூன்று ஆண்டுகளில் மட்டும் வந்தது. 2017இல் முகத்துக்குப் பதிலாக அவருடைய இலச்சினை வந்தது. குறை ஒன்று: 1, 2, 5 சதங்கள் செம்பு பூசிய உருக்கு. உப்புக்காற்று பட்டால் பூச்சுக்கு அடியிலிருந்து கறள் புள்ளியாகக் கிளம்பும், பிறகு அதற்கு வைத்தியம் இல்லை.

1995 கடைசி. இரண்டாம் அருள் சின்னப்பரின் குற்றிகள் 1978க்குப் பிறகு ஏராளம். வாஸ் அடிகளார் முத்திப்பேறு பெற்ற (புனிதர் நிலைக்கு முந்தைய படிக்கு உயர்த்தப்பட்ட) ஆண்டு என்ற ஒரு காரணம் போதுமானவர் வாங்கட்டும்.

இனிப் பத்திரப்படுத்துவது. 2015 தொகுதி வரும் அச்சிட்ட அட்டை வடிவானது, ஆனால் மாரியில் ஈரம் குடித்து வீங்கும். அட்டையோடு முழுவதையும் காற்றுப் புகாத பையில் போட்டு, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் ஒரு பொதி வையுங்கள். நிறம் மாறியதும் புதிது மாற்றுங்கள். தனிக் குற்றிகளுக்கு மெதுமெதுப்பான, நெடியடிக்கும் பிளாஸ்ரிக் உறை வேண்டாம். அது பிவிசி, வெக்கையில் கசிந்து செம்பில் பச்சைப் பசையாகப் படியும். மைலார் என்ற பொலியெஸ்ரர் உறை விறைப்பாக இருக்கும், மணக்காது. ஸ்டேப்ளர் அடிக்கும் அட்டைச் சட்டமும் இங்கே சரிவராது, கம்பி கறள்பிடித்துக் குற்றியில் இறங்கும்.

பச்சைப் பசை படிந்துவிட்டால் பழப்புளி, தேசிக்காய், பிராஸோ எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு நல்லது குற்றிக்கு நஞ்சு. சுத்தமான அசிற்றோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, அடுப்பு எரியாத, காற்றோட்டமான இடத்தில் பத்து நிமிடம் ஊறவைத்து எடுத்து, துடைக்காமல் உலரவிடுங்கள். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது சரிவராது. பசைக்கு அடியில் குழி விழுந்திருந்தால் அசிற்றோனும் ஒன்றும் செய்யாது.