'10,000 ஸ்டெப்' புஷ்-டூ கிட்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கையால் தள்ளித் திருப்பும் டாப்சோனியன் டெலஸ்கோப்புக்கு என்கோடர் கிட் வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. ஆனால் பொருள் எப்படிப்பட்டது, எதில் ஏமாற்றுகிறார்கள், பெட்டி கைக்கு வந்ததும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

புஷ்-டூ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: கோ-டூ டெலஸ்கோப்பில் மோட்டார் இருக்கும், பார்க்க வேண்டிய வான்பொருளின் பெயரைத் தட்டினால் அதுவே திரும்பிப் போய் நிற்கும். புஷ்-டூவில் மோட்டார் கிடையாது. மேலும் கீழும் சாயும் அச்சில் ஒரு என்கோடர், பக்கவாட்டில் சுழலும் அச்சில் ஒரு என்கோடர். இரண்டும் டெலஸ்கோப் எவ்வளவு திரும்பியது என்பதை எண்ணிச் சொல்லும். அந்த எண்ணை ஒரு சிறு எலக்ட்ரானிக் பெட்டி போனுக்கு அனுப்பும். முதலில் தெரிந்த இரண்டு நட்சத்திரங்களைக் காட்டி அலைன்மென்ட் செய்துவிட்டால், அப்புறம் நாம் கையால் தள்ளத் தள்ள, போன் திரையில் குறி நகரும். குறி பொருளின் மேல் வந்ததும், கண் வைக்கும் லென்ஸான ஐபீஸில் பார்க்கலாம். வானாய்வகம் இருக்கும் காவலூர்ப் பக்கம் இருக்கிற மாதிரி இருட்டு கிடைத்தால் இதெல்லாம் தேவையே இல்லை, நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் தாவித் தேடிப் போய்விடலாம். திருச்சியில் தெருவிளக்குகளுக்கு நடுவே மொட்டை மாடியில் நின்றுகொண்டு தாவுவதற்கு நட்சத்திரம்தான் எங்கே இருக்கிறது? என்னிடம் இருப்பது 8 அங்குல டாப்சோனியன், 1,200 மி.மீ. குவியத் தூரம். அதற்குத்தான் இந்தக் கிட் வாங்கினேன். விலை 18,500 ரூபாய்.

விளம்பரத்தில் மூன்று வாக்குறுதிகள். '10,000 ஸ்டெப் துல்லிய என்கோடர்', '50,000 பொருள்கள் கொண்ட டேட்டாபேஸ்', 'ஒரு வருட வாரண்டி'. இதில் டேட்டாபேஸ் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். பெட்டிக்குள் டேட்டாபேஸ் எதுவும் இல்லை. போனில் நாமே நிறுவிக்கொள்ளும் ஸ்கைசஃபாரி செயலியில் இருப்பதைத்தான் தங்கள் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். அந்தச் செயலியின் அடிப்படைப் பதிப்பில் டெலஸ்கோப்பை இணைக்கும் வசதியே கிடையாது. பிளஸ் அல்லது ப்ரோ பதிப்பைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரிகூட இல்லை. போகட்டும், செயலி நல்ல செயலி, அந்தக் காசு வீணாகவில்லை.

பிரச்சினை ஸ்டெப்பில்தான். என்கோடர் ஒரு முழுச் சுற்றை எத்தனை துண்டாக எண்ணுகிறது என்பதுதான் ஸ்டெப். ஒரு முழுச் சுற்று 360 டிகிரி. ஒரு டிகிரியை 60 ஆகப் பிரித்தால் ஓர் ஆர்க் மினிட். முழுச் சுற்றுக்கு 21,600 ஆர்க் மினிட். 10,000 ஸ்டெப் என்றால் ஒரு ஸ்டெப்புக்கு 2 ஆர்க் மினிட் சொச்சம். முழு நிலவின் அகலமே 30 ஆர்க் மினிட்தான் என்பதால் இது தாராளமாகப் போதும். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன்.

பொருத்தி முடித்தது ஏப்ரல் மாதம். முதல் பொருள் சரியாக வந்து விழும், இரண்டாவது ஐபீஸின் ஓரத்தில் இருக்கும், மூன்றாவது எங்கே என்றே தெரியாது. மெசியர் 104 என்ற கேலக்ஸியைக் காட்டச் சொன்னால் வெறும் வானம். தெற்கே திரும்பினால் ஒமேகா சென்டாரி. நம் ஊரிலிருந்து நன்றாகத் தெரியும் பெரிய கோள வடிவ நட்சத்திரக் கொத்து, 25 மி.மீ. ஐபீஸில் தவறவே விட முடியாத பொருள். அதையும் காணோம். குறி அதன் மேலேயே நிற்கிறது, டெலஸ்கோப் வேறெங்கோ பார்க்கிறது.

கடைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். பணம் கட்டும் வரை 'ப்ரோ' என்று கூப்பிட்டவர் இப்போது 'சார்' ஆகியிருந்தார்.

"சார், அலைன்மென்ட் தப்பா பண்றீங்க. போலாரிஸும் ரெகுலஸும் வச்சுப் பண்ணுங்க, கரெக்டா வரும்."

திருச்சியின் அட்சரேகை 11 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. போலாரிஸ் என்கிற துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து அதே 11 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். ரெகுலஸ் என்கிற மகம் ஏப்ரல் மாதம் இரவு 9 மணி வாக்கில் நேர் உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும். உச்சியில் இருக்கும் நட்சத்திரத்தை வைத்துப் பக்கவாட்டுக் கோணத்தை நிர்ணயிக்கப் பார்ப்பது வீண் வேலை. அங்கே டெலஸ்கோப்பை எந்தப் பக்கம் சுழற்றினாலும் அது கிட்டத்தட்ட அதே இடத்தைத்தான் பார்க்கும். யாரோ ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எழுதிய கையேட்டை அப்படியே ஒப்பிக்கிறார் என்று புரிந்தது. அந்த நேரத்துக்குச் சரியான ஜோடி கிழக்கே சித்திரை, மேற்கே புரோசியான். இரண்டும் நடுத்தர உயரத்தில், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ செங்கோணத்தில் இருக்கும். நான் அவற்றை வைத்துத்தான் செய்துகொண்டிருந்தேன் என்று சொன்னதும் பேச்சு மாறியது. அடிப்பலகை மட்டமாக இல்லையாம். ஸ்பிரிட் லெவலில் குமிழி நடுவில் நிற்கிற படத்தை எடுத்து அனுப்பினேன். அப்புறம் வந்தது பாருங்கள் அடுத்த பதில்: "ஃபர்ம்வேர் பழசு சார். அப்டேட் பண்ணித் தரோம், 2,500 ஆகும்." ஃபர்ம்வேர் என்றால் பெட்டிக்குள் ஓடும் புரோகிராம். அதற்குக் காசு, அதுவும் வாரண்டிக்குள் இருக்கிற பொருளுக்கு!

அதற்குப் பிறகுதான் கழற்றிப் பார்த்தேன். என்கோடரின் உடம்பைச் சுற்றிக் கடையின் பெயர் அச்சிட்ட பளபளப்பான ஸ்டிக்கர் ஒன்று. ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் உரித்தால் அடியில் தயாரிப்பாளரின் லேபிள் அப்படியே இருக்கிறது: 600 பி/ஆர், 5 முதல் 24 வோல்ட். 38 மி.மீ. உருளை, 6 மி.மீ. தண்டு. எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் விற்கும் இணையக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மலிவான ஆப்டிகல் என்கோடர்தான் அது, உள்ளே சுழலும் தட்டில் இருக்கும் கோடுகளை ஒளியால் எண்ணுவது.

600 பி/ஆர் என்றால் ஒரு சுற்றுக்கு 600 துடிப்பு. இரண்டு சிக்னல் கம்பிகளின் ஏற்ற இறக்கங்களையும் சேர்த்து எண்ணினால் நான்கு மடங்காகி 2,400 வரும். அவ்வளவுதான், அதற்கு மேல் எண்ண உள்ளே கோடே கிடையாது. ஒரு ஸ்டெப்புக்கு 9 ஆர்க் மினிட்.

அப்படியானால் செயலியில் 10,000 என்று கொடுத்தபோது முழுச் சுற்றுக்குக் குறியும் முழுசாகச் சுற்றியதே, எப்படி? இங்கேதான் கைவேலை. இந்தப் பெட்டிகள் பேசும் மொழி மிக எளிமையானது. வைஃபை வழியாக 'க்யூ' என்ற ஓர் எழுத்தை அனுப்பினால் இரண்டு என்கோடர்களின் எண்ணையும் ஐந்து இலக்கத்தில் திருப்பி அனுப்பும். பெட்டிக்கு நேரடியாக எழுத்தை அனுப்பிப் பதிலைக் காட்டும் டெல்நெட் செயலி போனில் இலவசமாகக் கிடைக்கும், அது ஒன்று இருந்தால் போதும், நாமே கேட்கலாம். தண்டை விரலால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே கேட்டேன். உண்மையான 10,000 ஸ்டெப் என்றால் 1, 2, 3, 4 என்று ஏற வேண்டும். வந்தது இது: 4, 8, 12, 16, 20, 25. அப்புறம் 29, 33, 37, 41, 45, 50. இடையில் எந்த எண்ணும் வராது. அதாவது 2,400 என்று எண்ணி, அதை 10,000 போலத் தெரியும்படி பெருக்கி அனுப்புகிறார்கள். தண்ணீர் கலந்த பால் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

இதைக் காட்டியபோது 'இன்டர்போலேஷன்' என்று ஒரு வார்த்தை வந்தது. வழுவழுப்பான அலையாக சிக்னல் தரும் விலை உயர்ந்த என்கோடர்களில் அந்த வித்தை உண்டு, நிஜமாகவே கோடுகளுக்கு இடையே அளக்கும். இதிலிருந்து வருவது சதுர அலை. இருக்கிறது, இல்லை என்ற இரண்டு நிலைதான். இதற்கு இடையே அளக்க எதுவும் இல்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 9 ஆர்க் மினிட் மட்டும்தான் பிரச்சினை என்றால் சமாளித்திருக்கலாம். 25 மி.மீ. ஐபீஸில் எனக்கு ஒரு டிகிரிக்கு மேல் வானம் தெரிகிறது, பொருள் அதற்குள் எங்காவது வந்துவிடும். 2,400 என்று உண்மையைச் சொல்லி ஐயாயிரம், ஆறாயிரத்துக்கு விற்றிருந்தால் நானே நண்பர்களுக்குச் சிபாரிசு செய்திருப்பேன். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் புரோகிராம் துடிப்புகளைக் கோட்டைவிடுகிறது. பகலில் தூரத்தில் ஒரு செல்போன் கோபுரத்தைக் குறிவைத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப அதே கோபுரத்துக்கு வந்தால் கணக்கு ஏறக்குறைய சரியாக வருகிறது. கொஞ்சம் வேகமாகத் தள்ளிக் கொண்டுவந்தால் 300-க்கு மேல் குறைகிறது. கிட்டத்தட்ட 11 டிகிரி! ஒருமுறை விட்டால் விட்டதுதான், மறுபடி அலைன்மென்ட் செய்யும் வரை வானம் முழுவதும் அந்த அளவுக்குத் தள்ளியே நிற்கும். ஒமேகா சென்டாரி தொலைந்த ரகசியம் இதுதான்.

போதாததற்கு அந்த பிளாஸ்டிக் இணைப்புத் துண்டு. என்கோடரின் தண்டையும் டெலஸ்கோப்பின் மைய போல்ட்டையும் இணைப்பது அதுதான், அதைப் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு கிரப் ஸ்க்ரூ. பிளாஸ்டிக்கில் மரை தேய்ந்துபோய் இப்போது தண்டு தனியாக வழுக்குகிறது. லேத் பட்டறையில் அலுமினியத்தில் ஒன்று கடைந்து வாங்கலாம்தான். வாங்கி இதில் போட மனமில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, 'பிரித்த எலக்ட்ரானிக் பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை' என்றார்கள். ஸ்டிக்கரை உரித்ததால் வாரண்டியும் போச்சாம். விளம்பரத்தில் இருந்த '10,000 ஸ்டெப்' சில நாளில் 'உயர் துல்லியம்' என்று மாறிவிட்டது. நல்லவேளை, வாங்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு பாதிப் பணம் தருவதாக இறங்கி வந்தார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். 2019 சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 'இவ்வளவு சின்னத் தொகைக்கா' என்று பலர் விட்டுவிடுவதுதான் இவர்களுக்குத் தைரியம்.

இந்த மாதிரி கிட் யாரிடம் வாங்கினாலும் பணம் அனுப்பும் முன் என்கோடரின் ஒரிஜினல் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லேபிளில் இருக்கும் எண்ணை நான்கால் பெருக்கினால்தான் ஸ்டெப். விளம்பர எண்ணும் அதுவும் பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். புளூடூத் பெட்டி என்றால் ஐபோனுடன் சேருமா என்று கேளுங்கள். மலிவான எச்.சி.-05 என்ற புளூடூத் பலகை போட்ட பெட்டிகள் ஆண்ட்ராய்டோடு மட்டும்தான் பேசும். பெட்டி வந்ததும், பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். டெலஸ்கோப்பில் பொருத்தும் முன்பே டெல்நெட்டில் எண் ஒவ்வொன்றாக ஏறுகிறதா என்று பாருங்கள். பொருத்திய பிறகு, ராத்திரிக்குக் காத்திருக்காமல் கோபுரச் சோதனையை வேகமாகவும் ஒருமுறை செய்துவிடுங்கள்.

போனை வைக்கும் ஒரு தாங்கியை மட்டும் 'கம்ப்யூட்டர் வழிகாட்டி' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். போனின் திசைகாட்டியை நம்பும் விஷயம் அது. டெலஸ்கோப்பின் இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் அந்தத் திசைகாட்டி என்ன சொல்லும் என்று நினைத்துப் பாருங்கள். வானத்தைப் படம் பிடித்து, நட்சத்திர அமைப்பை வைத்து டெலஸ்கோப் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை வேறு, அது நம்பகமானது. செலஸ்ட்ரானின் ஸ்டார்சென்ஸ் எக்ஸ்ப்ளோரர் போனின் கேமராவை வைத்து அதைச் செய்கிறது. ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியை வைத்து நாமே செய்துகொள்ளும் பைஃபைண்டர் என்ற திறந்த திட்டமும் இருக்கிறது. இவற்றில் என்கோடரே இல்லை என்பதால் வழுக்கவும் எதுவும் இல்லை. அதிகச் செலவு வேண்டாம் என்றால் தச்சர்கள் பயன்படுத்தும் காந்த அடி டிஜிட்டல் ஆங்கிள் கேஜை இரும்புக் குழாயில் ஒட்டிவைத்து, ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலியில் பொருளின் உயரத்தைப் பார்த்து அதே கோணத்துக்குச் சாய்த்துவிட்டு, பக்கவாட்டில் மட்டும் மெதுவாகத் தேடலாம். நான் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன், மெசியர் 104 கிடைத்துவிட்டது.

அந்தக் கடை இதோடு நிறுத்தவில்லை. அதே பெட்டியை 'ப்ரோ' என்று பெயர் மாற்றி, '20,000 ஸ்டெப்' என்று போட்டு, விலையையும் ஏற்றிவிட்டார்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் யாராவது இருந்தால் தண்டை மெதுவாகத் திருப்பி எண்ணைப் பாருங்கள். 8, 16, 25, 33, 41, 50 என்று தாவினால் உள்ளே இருப்பது அதே 600 பி/ஆர்தான். வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு 1915-ஐக் கூப்பிடுங்கள்.