முகத் துடிப்புக்கு ஊசியா, ஆபரேஷனா?

அம்மாவுக்கு 71 வயது. இடது கண்ணோரம் லேசாகத் துடித்தது, ஒரு வருடத்தில் வாய்க்கோணம் வரை இழுக்க ஆரம்பித்தது. பால் கணக்கு எழுதும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். விரலால் இமையைத் தூக்கிப் பிடித்தபடி எழுதுவார்.

மூளைத்தண்டின் அருகே ஒரு ரத்தக்குழாய் முகநரம்பை அழுத்துவதுதான் பெரும்பாலும் காரணம். அந்த அழுத்தத்தையே நீக்குவது ஆபரேஷன். காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு, குழாய்க்கும் நரம்புக்கும் நடுவே டெஃப்லான் பஞ்சு வைக்கிறார்கள். 10 பேரில் 8, 9 பேருக்குத் துடிப்பு நின்றுவிடும். ஆனால் முழு மயக்கம் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கக் காது கேட்காமல் போகும் ஆபத்தும் உண்டு.

போடாக்ஸ் ஊசி காரணத்தைத் தொடாது. நரம்பு முனையில் அசிடைல்கோலின் (தசையைச் சுருங்கச் சொல்லும் ரசாயனம்) வெளிவருவதைத் தடுத்து, தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். மெல்லிய ஊசியால் சில இடங்களில் குத்துவார்கள், அன்றே வீட்டுக்கு வரலாம். சில நாளில் பலன் தெரியும். 3, 4 மாதத்தில் மறுபடி போட வேண்டும், செலவும் மறுபடி. இமை தொங்கலாம், கண் வறளலாம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.

ஐம்பது வயதில், உடம்பும் திடமாக இருந்தால் நான் ஆபரேஷனைத்தான் யோசிப்பேன். சர்க்கரை, பிரஷர், இதயத்துக்கு மாத்திரை என்றிருக்கும் அம்மாவுக்கு ஊசியே சரி என்று பட்டது. அப்புறம் ஒன்று: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், குத்திய இடம் கன்றிப்போகும்.