ஃபைட்டரோடு மற்ற மீன்கள்: சண்டையை விடுங்கள், சாப்பாட்டைப் பாருங்கள்

கொளத்தூரில் ஃபைட்டர் மீன் வாங்கப் போகும் நண்பன், "உன் டேங்க்ல கோரி, டெட்ரா எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு, நானும் விடலாமாடா?" என்று கேட்டான். வாட்ஸப்பில் அடித்து முடிகிற பதில் இல்லை. எழுதியே விடுகிறேன்.

இரண்டடி டேங்க், ஸ்பாஞ்ச் ஃபில்டர், பின்னால் அடர்த்தியாகச் செடி. அரைவட்டமாக வால் விரியும் நீல ஹாஃப்மூன் ஆண் ஃபைட்டர் ஒன்று, கூடவே அடியில் மேயும் ஸ்டெர்பாய் கோரிகளும் கூட்டமாக நீந்தும் குட்டி கார்டினல் டெட்ராக்களும். பாண்டா கோரிதான் எனக்குப் பிடிக்கும். ஆனால் சென்னை மே மாதத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும், அது தாங்காது.

சண்டை விஷயத்தில் என் ஃபைட்டர்மேல் பெரிய புகார் இல்லை. விட்ட புதிதில் செவுளை விரித்துக்கொண்டு டெட்ராக்களை விரட்டினான். அவை நழுவிவிடும், இவனோ அந்த வாலைச் சுமந்துகொண்டு பாதி வழியிலேயே ஓய்ந்துபோவான். பிறகு அவனுக்கே சலித்துவிட்டது. பகையெல்லாம் தன்னைப்போல இருப்பவனோடுதான்: விரிந்த வால், பளிச்சென்ற நிறம், மேல்தண்ணீரில் உலாவுவது. ஆண்தான் நுரைக்கூடு கட்டி முட்டையைக் காக்கும் என்பதால் மேல்தண்ணீர் அவன் சொத்து. மச்சான் ஆசையாகக் கொண்டுவந்து விட்ட ஆண் கப்பிக்கு மறுநாள் காலை வால் இல்லை. கௌராமியும் வேண்டாம். டைகர் பார்ப் என்றால் கதை தலைகீழ், அது இவன் வாலைக் கொத்திவிடும். பெண் ஃபைட்டர்களைக் கூட்டமாக வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே, அவையும் அடித்துக்கொள்ளும்.

தாய்லாந்து 2019இல் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்த மீன் இது. அங்கே தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்றே பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள். வயல் தண்ணீரில் தோற்ற மீன் ஓடிவிடும். கண்ணாடிக்குள் எங்கே ஓடும்?

என்னைக் கடுப்பேற்றுவது இவன் வயிறு. கோரிகளுக்கு மூழ்கும் தீனி வில்லை போட்டால், அவை மீசையால் மணலைத் துழாவிக்கொண்டு வந்து சேர்வதற்குள் இவன் தலைகீழாக நின்று கொறிக்க ஆரம்பித்திருப்பான். மேலே போய் ஒரு மடக்கு காற்று, உடனே மறுபடி கீழே. கோரிகள் இடித்துக்கொண்டு நுழைந்தாலும் கண்டுகொள்வதில்லை. தின்பதில் அவ்வளவு கவனம்! வயிறு கோலிக்குண்டு மாதிரி உப்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துவான். ஒரு நாள் பட்டினி போட்டால் வடியும். பாவம், கோரிகளுக்கும் சேர்த்துத்தான் பட்டினி. முதலில் மேலே இவனுக்குப் பெல்லட் போட்டு ஏமாற்றப் பார்த்தால், அதையும் முடித்துவிட்டு இறங்குகிறான். ராத்திரி விளக்கை அணைத்து, அரை மணி நேரம் விட்டு, இருட்டில் வில்லை போடுவது ஒன்றுதான் பலிக்கிறது. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் இதை விளக்கிச் சொன்னேன். அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

நியாயமாகச் சொன்னால் டேங்க் கொள்ளை அழகு. மாலையில் விளக்கைப் போட்டதும் டெட்ராக் கூட்டம் சிவப்பாகத் திரும்பும், நடுவில் அந்த நீல வால் விரியும். வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்கிறார்கள். சண்டையால் இதுவரை ஒரு கோரியோ டெட்ராவோ சாகவில்லை.

ஆனாலும் உன் கேள்விக்குப் பதில்: விடாதே. ஃபைட்டருக்குத் தனி டேங்க், தண்ணீரில் போட இரண்டு பாதாம் இலை, போதும். கோரி ஏற்கெனவே வாங்கிவிட்டாய் என்றால் என்னிடம் கொடுத்துவிடு.