தறி நின்றால் சிரிப்பு: பிளெண்டரோடு இரண்டு ஆண்டுகள்

சோமனூர் வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு இது தெரியும்: விசைத்தறி ஓடுகிற வரைக்கும் வீடே நிம்மதியாகத் தூங்கும்; கரண்ட் போய்ச் சத்தம் நின்ற நொடியில் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். கோயம்புத்தூரில் படித்தபோது, இறுதியாண்டு அனிமேஷன் படத்துக்கு இதையே கதையாக எடுத்தோம். தறிக்குடோன் வாசலில், கயிற்றுக் கட்டிலில் அப்புச்சி (தாத்தா) தூங்குகிறார். பக்கத்தில் நிலக்கடலை காய்கிறது. தறி ஓடும்போது ஒரு வெள்ளாடு தின்கிறது. தறி நின்றால் சிலையாகிவிடுகிறது. இரண்டு நிமிடம் நாற்பது நொடிப் படம், மூன்று பேர், பதினோரு மாத உழைப்பு. அதைச் செய்தது பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில். படம் முடிந்த பிறகும் பிளெண்டரை நான் விடவில்லை.

அதைத் தேர்ந்தெடுத்த முதல் காரணம் பணம்தான். 2002இல் ஏழே வாரங்களில் ஒரு லட்சம் யூரோ நன்கொடை திரட்டி அதன் மூலநிரலை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். அந்த முகம் தெரியாதவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நாங்கள் 3.6 பதிப்பில் தொடங்கி, படம் முடியும்வரை அதையே வைத்திருந்தோம். பாதியில் பதிப்பை மாற்றாதீர்கள்.

ஆட்டை அசைக்க உள்ளே ஓர் எலும்புக்கூடு வேண்டும்; அதை அமைக்க, ஆயத்த எலும்புக்கூடுகள் தரும் ரிகிஃபை என்ற துணைக்கருவி உதவியது. அதில் குதிரை உண்டு, ஓநாய் உண்டு, ஆடு இல்லை. குதிரையின் காலைக் குறுக்கி, கழுத்தைச் சுருக்கி வெள்ளாடாக்கினோம். அப்புச்சியின் வேட்டிக்குத் துணி சிமுலேஷன் (துணியின் அசைவைக் கணினியே கணக்கிடுவது) போட்டு மூன்று வாரம் வீணானது. கடைசியில் மடிப்புகளைக் கையாலேயே செதுக்கினோம்.

இந்த மென்பொருளை நான் உண்மையிலேயே நேசிக்கத் தொடங்கியது, எந்த அசைவு எந்த நேரத்தில் என்று அடுக்கிவைக்கும் டோப் ஷீட் என்ற பகுதியில்தான். நகைச்சுவை முழுவதும் அங்கே இருக்கிறது. பல்லடத்தில் ஒரு குடோனில் பதிவு செய்த தறிச் சத்தத்தை முதலில் டைம்லைனில் வைத்துவிட்டு, அதற்கேற்ப ஆட்டை அசைத்தோம். தறி நின்று பத்து பிரேமில், அதாவது பத்து தனிப்படங்கள் ஓடும் நேரத்தில், அப்புச்சி கண் திறந்தார். பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அதையே 22 பிரேமாக்கினோம். ஒரு நொடிக்கு 24 பிரேம் என்பதால், மாற்றம் அரை நொடிதான். ஆனால் அந்த அரை நொடிக்குள், வாயில் கடலையோடு உறைந்து நிற்கும் ஆட்டைக் கண் கவனித்துவிடுகிறது. சிரிப்பு வந்தது. கீஃபிரேமை (அசைவு நிகழும் இடத்தைக் குறிக்கும் புள்ளியை) இரண்டு இரண்டு பிரேமாக நகர்த்தி, உடனே ஓட்டிப் பார்க்கும் வசதி இல்லாவிட்டால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

ரெண்டர் செய்வதில், அதாவது காட்சியைக் கணினி இறுதிப் படங்களாக உருவாக்குவதில்தான் அடிபட்டோம். 3,840 பிரேம். ஒளியைத் துல்லியமாகக் கணக்கிடும் சைக்கிள்ஸ் என்ற முறையில் ஒரு பிரேமுக்கு ஆறு நிமிடம், அதாவது பதினாறு நாள் இரவு பகலாகக் கணினி ஓட வேண்டும். ஈவீ என்ற வேகமான முறைக்கு மாறினோம், ஒரு பிரேம் இருபது நொடி, மொத்தம் ஒரு நாள்கூட ஆகாது. வெயிலின் அழகு கொஞ்சம் குறைந்தது. எங்கள் கதைக்கு அது பெரிய இழப்பில்லை. நேரடியாக வீடியோக் கோப்பாகவே சேமித்தது பெரிய தவறு. பாதியில் கரண்ட் போய், அந்தக் கோப்பு திறக்கவே இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு பிரேமையும் தனித்தனிப் படமாகச் சேமித்தோம். ஓவர்ரைட் (இருக்கிற கோப்பின் மேலேயே எழுதுவது) என்ற தேர்வை நீக்கிவிட்டால், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

இன்றுவரை என்னை வருத்தும் குறை தமிழ் எழுத்து. நாங்கள் பயன்படுத்திய பதிப்பில் ‘வெள்ளாடு’ என்று எழுதினால் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. தலைப்பை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, எழுத்துகளை வரைகோடுகளாக மாற்றி, எஸ்விஜி என்ற வரைபடக் கோப்பாகப் பிளெண்டருக்குள் கொண்டுவந்தோம்.

படத்தை முதலில் ஊரில்தான் காட்டினோம், குடோன் சுவரில் வேட்டியைக் கட்டி. தறி ஓட்டுகிற அண்ணன்களும் அக்காக்களும் வந்திருந்தார்கள். கடைசித் தடவை தறி நிற்கும் இடத்தில், அப்புச்சி கண் திறப்பதற்கு முன்பே அவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த அமைதியே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அன்றிரவே அந்த ஓர் இடத்தை மட்டும் 22 பிரேமிலிருந்து 36ஆக நீட்டினோம். புதிதாக ரெண்டர் செய்ய வேண்டியிருந்தது பதினான்கு படங்கள்தான்; ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.